மூன்று மாத ஜிம்மும் நான் வாங்காத டப்பாவும்

ஜிம்மின் பெயரைப் போடப் போவதில்லை. புகார் இரண்டு மூன்று இருக்கிறது. அதைப் படித்தால் முதலாளி பயிற்சியாளர் பையனைத்தான் பிடித்துத் திட்டுவார், அவன் நல்ல பையன். திருச்சி தில்லைநகர்ப் பக்கம், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கும் நடுத்தர ஜிம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி அந்த வட்டாரத்தில் நிறைய இருக்கின்றன. எதில் சேர்ந்தாலும் பாதி அனுபவம் இதேதான் கிடைக்கும்.

எனக்கு வயது 49. உயரம் 158 செ.மீ., சேரும்போது எடை 84 கிலோ. ஒரு மருத்துவக் கல்லூரி உயிர்வேதியியல் லேபில் 24 வருடமாக டெக்னீஷியன். அடுத்தவர் ரத்தத்தை மெஷினில் சுழற்றிவிட்டு நான் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. போன ஆடியில் விளையாட்டாக என் ரத்தத்தையும் போட்டுப் பார்த்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ.1சி) 6.2 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அம்மாவுக்குச் சர்க்கரை, இரண்டு மாமாக்களுக்கும் சர்க்கரை. மறுநாள் சாயங்காலமே போய்ப் பணம் கட்டிவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு 4,500 ரூபாய் என்று வெளியே பலகை. உள்ளே போனால் அட்மிஷன் 500 தனி. அதைக் கார்டைத் தேய்க்கும்போதுதான் சொல்வார்கள். பெண்களுக்குக் காலை 10 முதல் 12, சாயங்காலம் 4 முதல் 6 தனி நேரம் உண்டு, ஆனால் வேலைக்குப் போகிறவளுக்கு இரண்டும் பயன்படாது. காலை ஐந்தரைக்குப் பொது நேரத்தில்தான் போனேன். அந்த நேரத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஆட்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, அவரவர் மூட்டு அவரவருக்கு. பாட்டுச் சத்தம்தான் தாங்காது. பெண்கள் உடை மாற்றும் அறையில் தாழ்ப்பாள் பாதிதான் விழும். வண்டி நிறுத்த இடம் கிடையாது, மருந்துக்கடைக்காரர் தினமும் முறைப்பார்.

ட்ரெட்மில் நான்கு, அதில் மூன்று ஓடும். நிற்கும் சைக்கிள் ஐந்து. ரோயிங் மெஷின் ஒன்று, அதன் கயிறு சிக்கும். பளு தூக்கும் சாமான்கள் நன்றாக இருக்கின்றன, துரு இல்லை, துடைத்து வைக்கிறார்கள். லெக் பிரஸ்ஸுக்கு மேலே உள்ள மின்விசிறி சுற்றாது.

முதல் நாள் பாடி காம்போசிஷன் மெஷினில் வெறுங்காலோடு ஏற்றினார்கள். கொழுப்பு 42 சதவீதம் என்று சீட்டு அடித்துக் கொடுத்தது. அன்று சாயங்காலம் ஏதோ மறந்து வைத்ததை எடுக்கப் போனபோது மறுபடி ஏறினேன், 39.8. ஒரே நாளில் இரண்டு கிலோ கொழுப்பு உருகிவிட்டதா என்ன? அந்த மெஷின் உடம்பில் மெல்லிய மின்சாரத்தை விட்டு, அது எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. உடம்பில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறும். தினம் ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில் ஏறினால் ஓரளவுக்குப் போக்கு தெரியும், அவ்வளவுதான். நான் தையல்காரர் டேப் ஒன்றை வாங்கி இடுப்பைச் சுற்றி அளந்து நோட்டில் எழுதினேன். 101 செ.மீ. நம் ஊர்ப் பெண்களுக்கு 80-க்கு மேல் போனாலே எச்சரிக்கை.

சுவரில் மாட்டியிருக்கும் பி.எம்.ஐ. அட்டவணையை, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று சொல்லும் அட்டவணையை, கழற்றி எறிய வேண்டும். அதில் 25 வரை பச்சை, 30 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. வெள்ளைக்காரர் உடம்புக்குப் போட்ட கோடு அது. இந்திய மருத்துவர்கள் 2009-இல் கூடிப் பேசி, நமக்கு 23-இலேயே அதிக எடை, 25-இலேயே உடல் பருமன் என்று வகுத்தார்கள். ஏன் என்பதற்கு எங்கள் லேபில் அடிக்கடி சொல்லும் ஒரு கதை உண்டு. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற நம் ஆள் உள்ளே பருமன். ஜிம்முக்கு வரும் சாஃப்ட்வேர் பையன்கள் அந்தப் பச்சைக் கட்டத்தைப் பார்த்துத் திருப்தியோடு போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். என் 33.6 எந்த அட்டவணையிலும் சிவப்புதான், அது வேறு விஷயம்.

பயிற்சியாளர் பையனுக்கு 25, 26 இருக்கும். முதல் நாள் "மேடம்", மூன்றாம் நாளிலிருந்து "அக்கா". கற்றுக்கொடுக்கும் முறை நன்றாக இருக்கிறது, முழங்கால் மடங்கும் கோணத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்துவான். ஆனால் முதல் வாரம் கொஞ்சம் ஓவர். இரண்டாம் நாளே என்னை உட்கார்ந்து எழும் பயிற்சியில் 60 எண்ணவிட்டான். அடுத்த மூன்று நாள் பஸ் படி ஏற முடியவில்லை, உட்காரும் போதெல்லாம் "முருகா". புதிதாகச் சேருபவர்களே, பத்தோடு நிறுத்துங்கள், அவன் எண்ணிக்கொண்டே போனாலும். எங்கள் லேபில் ஒருமுறை ஒரு இளைஞருக்கு எஸ்.ஜி.ஓ.டி. என்ற கல்லீரல் நொதி எகிறி, கல்லீரல் கெட்டுவிட்டது என்று வீடே அழுதது. விசாரித்தால் முந்தின நாள்தான் ஜிம்மில் சேர்ந்திருக்கிறார். அந்த நொதி தசையிலும் இருக்கிறது, தசை கிழிந்தாலும் ரத்தத்தில் கூடும்.

ட்ரெட்மில் திரை பொய் சொல்லும். அரைமணி நேரம் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்தேன், 260 கலோரி எரித்தாய் என்று பாராட்டியது. என் எடையைக் கேட்கவே இல்லை, எதை வைத்துச் சொன்னதோ. என் எடைக்கு அந்த நடை கிட்டத்தட்ட 150 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 வேண்டும். 260 எரித்துவிட்டோம் என்று நம்பி வழியில் இரண்டு மெதுவடை சாப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். நான் ஒருமுறை சாப்பிட்டேன்.

இப்போது டப்பாவுக்கு வருகிறேன்.

நான்காவது வாரம் பையன் கவுண்டரிலிருந்து ஒரு கறுப்பு டப்பாவைக் கொண்டுவந்தான். 2,800 ரூபாய். வைட்டமின் சி 1,000 மில்லிகிராம், வைட்டமின் ஈ, கிரீன் டீ சாறு, இன்னும் ஏதேதோ. "ஒர்க்கவுட் பண்றப்போ ஃப்ரீ ராடிக்கல்ஸ் நிறைய வரும்க்கா. இது எல்லாத்தையும் கழுவி விட்ரும்."

முதல் பாதி உண்மை. அதனால்தான் இரண்டாம் பாதி இத்தனை பேரை ஏமாற்றுகிறது. யாரிடம் சொல்கிறோம் என்று பாவம் அவனுக்குத் தெரியாது. அந்த மாதம் நான் லேபில் செய்துகொண்டிருந்ததே ஃப்ரீ ராடிக்கல் செய்யும் சேதத்தை அளக்கும் வேலைதான். எங்கள் முதுகலை மாணவி ஒருவர் பருமனையும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் (உடம்பு சமாளிக்க முடியாத அளவுக்கு ஃப்ரீ ராடிக்கல் மிஞ்சுவது) பற்றி ஆய்வேடு எழுதுகிறார். தன்னார்வலர் பட்டியலில் நானும் ஒரு எண்.

பழைய முறுக்கு டின்னைத் திறந்தால் காறல் வாடை வருமே, அதே காரியம் நம் உடம்பிலும் மெல்ல நடக்கிறது. செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் கைமாறிப் போகும் வழியில் கொஞ்சம் சிந்தும். சிந்தியது ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஃப்ரீ ராடிக்கல் என்ற முரட்டு மூலக்கூறாகி, அக்கம்பக்கத்துக் கொழுப்பைக் கடிக்கும். கடிபட்ட கொழுப்பு உடையும்போது வருகிற துண்டுகளில் ஒன்று மலோன்டைஆல்டிஹைடு. ரத்தத்தில் அணுக்களை நீக்கிய நீரான பிளாஸ்மாவில் தயோபார்பிட்யூரிக் அமிலத்தை ஊற்றி, கொதிக்கும் தண்ணீரில் வைத்து எடுத்தால் ரோஸ் நிறம் வரும். நிறம் அடர்த்தியானால் காறல் அதிகம். 532 நானோமீட்டர் ஒளியில் வைத்து அளப்போம். எண்ணெயும் இறைச்சியும் கெட்டுவிட்டதா என்று பார்க்கவும் இதே சோதனைதான். குறையும் உண்டு: வேறு சில பொருள்களும் அந்த அமிலத்தோடு சேர்ந்து நிறம் கொடுக்கும். ஒற்றை ஆளின் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஆடக் கூடாது.

எடை கூடினால் இந்தக் காறல் கூடும். ஊதிப்போன கொழுப்புச் செல்களே ராடிக்கலை உற்பத்தி செய்கின்றன, வேலை இல்லாமல் தீனி மட்டும் வந்துகொண்டிருக்கும் மைட்டோகாண்ட்ரியா இன்னும் அதிகம் சிந்துகிறது, போதாததற்கு வெள்ளை அணுக்கள் கொழுப்புக்குள் புகுந்து குடியேறுகின்றன. ஜப்பானியக் குழு ஒன்று 2004-இல், சர்க்கரை நோய் இல்லாதவர்களிடமே கூட, பருமன் ஏற ஏற இந்த ரோஸ் நிறமும் ஏறுவதைக் காட்டியது. இன்சுலினுக்குக் கை கொடுக்கும் அடிபோனெக்டின் என்ற ஹார்மோன் அதற்கேற்பக் குறைகிறது. சர்க்கரை நோய் என் வாசல் திண்ணைக்கு வந்த பாதை இதுதான்.

சரி, ஏற்கெனவே காறிக் கிடக்கிற உடம்பில் உடற்பயிற்சி இன்னும் ராடிக்கலைக் கூட்டினால் அது நல்லதா கெட்டதா? 1982-இல் அமெரிக்காவில் எலிகளைக் களைத்து விழும்வரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். தசையிலும் கல்லீரலிலும் ஃப்ரீ ராடிக்கல் இரண்டு மூன்று மடங்கு ஏறியது. ஆனால் அதே கட்டுரையில் அவர்கள் ஒரு சந்தேகத்தையும் எழுதி வைத்தார்கள்: பயிற்சியால் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறதே, அதைத் தூண்டிவிடுவதே இந்தச் சேதம்தானோ என்று. பெருகுவது முன்பே தெரிந்த சங்கதி. ஹோலோசி என்பவர் 1967-இல், ஓடிப் பழகிய எலிகளின் கால் தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகள் இரண்டு மடங்காவதைக் காட்டிவிட்டார்.

சந்தேகம் சரியாகத்தான் இருந்தது. தசை வேலை செய்யும்போது கிளம்புகிற ராடிக்கல் ஒரு தண்டோரா மாதிரி. அது கேட்டதும் என்.ஆர்.எஃப்-2 என்ற புரதம் கட்டவிழ்ந்து செல்லின் கருவுக்குள் போய், உடம்பின் சொந்தத் துப்புரவுப் பட்டாளத்தை எழுப்புகிறது. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டாதியோன் பெராக்சிடேஸ் என்று பெயர்கள் நீளும். வாரக்கணக்கில் இப்படித் தண்டோரா போட்டால் பட்டாளம் பெருத்துவிடும். பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் உடம்பின் காறல் முன்பைவிடக் குறைவாக இருக்கும்.

தண்டோராக்காரன் வாயைத் துணியால் அடைத்தால் என்ன ஆகும்? ஜெர்மனியில் ரிஸ்டோ என்ற ஆய்வாளரின் குழு 2009-இல் அதைத்தான் சோதித்தது. ஏறத்தாழ நாற்பது இளைஞர்களுக்கு நான்கு வாரம் பயிற்சி. பாதிப் பேருக்குத் தினமும் வைட்டமின் சி 1,000 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட். மாத்திரை போடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, அடிபோனெக்டினும் ஏறியது. மாத்திரை போட்டவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. வியர்வை மட்டும் சிந்தினார்கள். டப்பாவின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன், வைட்டமின் சி அதே அளவு!

பையனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "தம்பி, எனக்கு அல்சர் இருக்கு, ஒத்துக்காது" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். விற்றால் அவனுக்குக் கமிஷன் உண்டு, சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரமும் கேட்டான், அதற்கடுத்த வாரமும். ஜிம்மின் மேல் எனக்குள்ள பெரிய புகார் இதுதான். பக்கத்துச் சைக்கிளில் வரும் ஓய்வுபெற்ற தாசில்தார் இரண்டு டப்பா வாங்கிவிட்டார். அவரிடம் மட்டும் விவரமாகச் சொன்னேன். "அப்ப நெல்லிக்காயையும் நிறுத்தணுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம். நமக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சி நூறு மில்லிகிராமுக்கும் குறைவு. காயிலும் பழத்திலும் வருவது வேறு, ஒரே விழுங்கலில் ஆயிரம் வேறு. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஜிம்மில் பேசி நிறுத்தவும் கூடாது, அதையும் சொன்னேன்.

அந்த ஆய்வுக்கு நான் கொடுத்த ரத்தத்தின் சோதனைக் குழாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில் ஓய்வாக இருந்தபோது ஒரு ரத்தம் கொடுத்தேன். இரண்டாம் வாரம், சைக்கிளில் 20 நிமிடம் மூச்சு முட்ட மிதித்துவிட்டு, நேராக லேபுக்கு ஆட்டோவில் போய் இன்னொன்று. பன்னிரண்டாம் வாரம் முடிந்ததும், கடைசிப் பயிற்சிக்கு இரண்டு நாள் கழித்து மூன்றாவது. மாணவி மூன்றையும் ஒன்றாக ஓட்டினார். குழாய்களை வெளிச்சத்தில் பிடித்தபோது கண்ணுக்கே தெரிந்தது: நடுவில் உள்ளது மற்ற இரண்டையும்விட அடர்ந்த ரோஸ், மூன்றாவது முதலாவதைவிட வெளிர். படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒற்றை ஆள் எண்ணை வைத்து ஆடக் கூடாது என்று மேலே எழுதியவளே நான்தான். இருந்தாலும் அன்று கொஞ்சம் ஆடினேன்.

மற்ற எண்களும் இருக்கின்றன. பன்னிரண்டு வாரத்தில் ஞாயிறு போக 72 நாளில் 54 நாள் போயிருக்கிறேன். எடை 84-லிருந்து 81.4. மூன்று மாதத்தில் இரண்டரைக் கிலோ என்றதும் என் நாத்தனார் சிரித்தாள். இடுப்பு 101-லிருந்து 95 ஆனதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. தோலுக்கடியில் உள்ளதைவிட வயிற்றுக்குள் குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்புதான் ஆபத்து, பயிற்சி செய்தால் தராசு அசையாவிட்டாலும் அது கரையும். சர்க்கரை 6.2-லிருந்து 5.8. ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 210-லிருந்து 158.

எடை பெரிதாகக் குறையாமல் சர்க்கரை மட்டும் எப்படி இறங்கும் என்று கேட்பவர்களுக்கு: தசை சுருங்கும்போது, சர்க்கரையை உள்ளே விடும் கதவுகள் இன்சுலின் வந்து தட்டாமலேயே திறந்துகொள்கின்றன. பயிற்சி முடிந்த பிறகும், இன்சுலின் மெல்லத் தட்டினாலே திறக்கும் தாராளம் ஒரு நாள், இரண்டு நாள் நிற்கும், பிறகு பழைய கதை. அதனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடாமல் பார்த்துக்கொண்டேன். ஜிம் ஞாயிறு மூடல், பண்டிகைக்கும் மூடல், தீபாவளிக்கு நான்கு நாள் அறிவிப்பே இல்லாமல் மூடினார்கள். நான் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம் நடந்தேன். நம் சென்னையிலேயே டாக்டர் ராமச்சந்திரன் குழு 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. சர்க்கரை வாசலில் நின்றவர்களை நடக்கவும் சாப்பாட்டைத் திருத்தவும் வைத்தபோது நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. ஜிம் வாசலில் "30 நாளில் 10 கிலோ" என்று பேனர் கட்டுகிறவர்கள் இதைக் கட்டினால் கூட்டம் வராது போல.

டயட் சீட்டு என்று ஒன்று கொடுப்பார்கள். ப்ரோக்கோலி, ஓட்ஸ், சால்மன் மீன். காந்தி மார்க்கெட்டில் போய் நான் சால்மனை எங்கே தேடுவேன்? இரவு நாலு இட்லியை இரண்டாக்கி, கூட ஒரு கிண்ணம் சுண்டல். வாரம் இரண்டு நாள் நெத்திலி. காப்பியில் சர்க்கரையை நிறுத்தினேன், அதுதான் கஷ்டமாக இருந்தது. இந்த மாற்றத்தில் எவ்வளவு, ஜிம்மில் எவ்வளவு என்று பிரிக்க எனக்கு வழியில்லை. 54 நாள் பயிற்சிக்கு நாள் ஒன்றுக்கு 200 கலோரி போட்டால் ஒன்றரைக் கிலோ தேறவில்லை, மீதி இட்லியின் புண்ணியமாக இருக்கலாம்.

யார் போகலாம்? நாற்பதைத் தாண்டி, எந்த மெஷினில் எப்படி உட்கார்வது என்று தெரியாதவர்கள் தாராளமாகப் போகலாம், அந்தப் பையன் ஒருவனுக்காகவே. காலை நேரம் போங்கள். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு இருப்பவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள், இங்கே அதையெல்லாம் கேட்டுச் சேர்ப்பதில்லை. நடக்க மட்டும்தான் வேண்டுமென்றால் பணம் தண்டம், வாய்க்கால் கரை இலவசம். எனக்குப் பளு தூக்க ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும், அதனால் போகிறேன்.

ஐந்துக்கு மூன்றரை. டப்பா விற்காமல் இருந்தால் நாலு கொடுத்திருப்பேன்.

போன திங்கட்கிழமை ஆறு மாதத்துக்குப் புதுப்பித்தேன். 8,000 சொன்னார்கள், பேசி 7,200-க்கு முடித்தேன். அட்மிஷன் மறுபடியும் கேட்டார்கள், கொடுக்கவில்லை. பையனிடம் குழாய்ப் படத்தைக் காட்டி விஷயத்தை இந்த முறை உடைத்தே சொன்னேன். நடுக் குழாயைப் பெரிதாக்கிப் பார்த்தான். "இது நான் மிதிக்க வெச்ச அன்னைக்காக்கா?" என்றான். ஆமாம் என்றேன். லெக் பிரஸ் மேலே மின்விசிறி இன்னும் சுற்றவில்லை.